பரிசோதனை முடிவுக்குப் பெயர் வைக்கத் தெரியுமா?

சரக்கு நல்லது, எடை சரி, விலையும் பேசி முடிந்துவிட்டது. ஆனாலும் என் லொறி ஒரு பகல் முழுவதும் வாங்குபவரின் வாசலில் நின்றது. காரணம், கொம்பியூட்டரில் இருந்த ஒரு பைல். அந்த அனுபவத்தை நமது வியாபாரச் சகோதரர்களுக்குச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன்.

மட்டக்களப்பு - திருகோணமலை வீதியில், வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடையில் இருக்கிறது மாங்கேணி. அந்தப் பக்கத்து இறாலை வாங்கிக் கொழும்புக்கு அனுப்புவது என் தொழில்களில் ஒன்று. மூன்றாம் குளத்தின் ஏழாம் தொகுதி என்றால் ‘3-7’ என்று குறிப்பேன். வாப்பா காலத்துக் கொப்பிப் பழக்கம் அது. கொப்பியில் ஒரு நாளும் தவறியதில்லை.

ஆய்வுகூடத்திலிருந்து முடிவுகள் பைலாக வந்தன. மகன் அதை எக்ஸெல் போன்ற ஒரு கணக்குத்தாளில் திறந்து, ஒரு வரியைத் திருத்தி, சேமித்து அனுப்பிவிட்டார். வாங்குபவர் பார்த்தபோது ‘3-7’ அங்கே இல்லை. ‘ஜூலை 3’ என்று இருந்தது. பெட்டியில் ஓர் இலக்கம், அறிக்கையில் ஒரு திகதி. எந்த முடிவு எந்தப் பெட்டிக்குரியது என்று எங்களால் காட்ட முடியவில்லை. இரண்டு தடவை ஐஸ் மாற்றினோம். மாலையில் விலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பிழை ஆய்வுகூடத்தில் அல்ல, எங்களிடம்தான்.

வாங்குபவரைக் குறை சொல்ல முடியாது. 2002 ஜனவரியில், இறால் போன்ற பொருட்களில் குளோரம்பெனிகோல் என்ற மருந்தின் எச்சம் காணப்பட்டதால், சீனாவிலிருந்து வரும் விலங்கு உற்பத்திப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது. ஒரு சிலரின் சரக்கில் கண்ட குறை எல்லோரையும் பாதித்தது. அதனால் ஏற்றுமதி செய்பவர் ஒவ்வொரு தொகுதிக்கும் உரிய அறிக்கையைக் கேட்கத்தான் செய்வார்.

சரி, ‘3-7’ எப்படித் திகதியானது? பரிசோதனைக் கருவி தன் முடிவைத் தனக்கே உரிய வடிவில் சேமிக்கிறது. அது பெரும்பாலும் அந்தக் கருவியின் மென்பொருளில் மட்டுமே திறக்கும். மற்றவருக்குக் கொடுப்பதற்காக ‘எக்ஸ்போர்ட்’ செய்யும்போது, பொதுவாக சி.எஸ்.வி. என்ற பைல் கிடைக்கும். அது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துதான். எது இலக்கம், எது திகதி, எது பெயர் என்று அதில் குறிப்பு இல்லை. கணக்குத்தாள் அதைத் தானாக ஊகிக்கிறது. ‘3-7’ நம் நாட்டு முறையில் ஜூலை 3 ஆகும், அமெரிக்க முறையில் மார்ச் 7 ஆகும். ‘0012’ என்பது 12 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணின் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும். அப்படியே சேமித்தால் பழையது போய்விடும்.

இது நமக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழுவுக்கும் வந்தது. ‘மார்ச்1’, ‘செப்ட்1’ போன்ற மரபணுப் பெயர்களை எக்ஸெல் திகதியாக்கிக்கொண்டே இருந்ததால், அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டதாக 2020-இல் அக்குழு அறிவித்தது. விஞ்ஞானிகளே பெயரை மாற்றிக்கொண்டார்கள் என்றால் நாம் மாற்றுவதில் வெட்கம் என்ன?

இப்போது நான் கடைப்பிடிப்பவை இவை.

முதலாவது, தொகுதிப் பெயரில் எழுத்தும் இருக்க வேண்டும். ‘3-7’ இப்போது ‘குளம்03தொகுதி07’. பெட்டியிலும், மாதிரிப் போத்தலிலும், ஆய்வுகூடப் படிவத்திலும் அதே பெயர்தான்.

இரண்டாவது, பைலின் பெயர் திகதியில் தொடங்க வேண்டும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எட்டு இலக்கம்: ‘20240703_குளம்03தொகுதி07_எச்சம்_1’. கடைசி 1 என்பது முதல் தடவைப் பரிசோதனை. இப்படி வைத்தால் பைல்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி ஆகியவற்றை விண்டோஸ் பைல் பெயரில் ஏற்காது. சில கருவிகள் தமிழ் எழுத்தையும் ஏற்காது என்பதால் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக அடிப்பது நல்லது. ‘புதியது’, ‘கடைசி’ என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். அடுத்த மாதம் எது கடைசி என்று உங்களுக்கே தெரியாது.

மூன்றாவது, மூலப் பைலில் கை வைக்கக்கூடாது. கருவியின் சொந்தப் பைல், சி.எஸ்.வி., கையொப்பமிட்ட அறிக்கையின் பி.டி.எப். ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வேறோர் இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். கணக்குத்தாளில் பார்க்க வேண்டுமானால் இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவை இறக்கும் வழியில் போய், தொகுதிப் பெயர் உள்ள நிரலை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துத் திறக்க வேண்டும்.

நான்காவது, வரிகளை எண்ணுங்கள். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றாளர்களின் விபரம் கணக்கில் சேராமல் போனது தெரியவந்தது. பழைய எக்ஸெல் வடிவில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. குளத்து நீரின் ஒட்சிசனைப் பத்து வினாடிக்கு ஒரு தடவை பதியும் கருவி ஒரு நாளில் 8,640 வரி எழுதும். எட்டு நாளில் அந்த எல்லை தாண்டிவிடும். கருவியில் எத்தனை பதிவு, பைலில் எத்தனை வரி என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கருவியின் கடிகாரம் சரியா என்றும் பாருங்கள். அது பிழைத்தால் எல்லாத் திகதியும் பிழைதான்.

இதற்கெல்லாம் செலவு எதுவும் இல்லை. தொகுதிக்கு ஐந்து நிமிடம் போதும். சிட்டை எழுதாமல் சரக்குக் கொடுக்காத நாம், பெயர் எழுதாமல் பைலை மட்டும் ஏன் அனுப்ப வேண்டும்? அண்மையில் அதே வாங்குபவர் எட்டு மாதத்துக்கு முந்திய அறிக்கை ஒன்றைக் கேட்டார். அவர் தொலைபேசியை வைக்குமுன் மகன் அதைத் தேடி எடுத்துவிட்டார்.