நிலம் நடுங்கியும் நிலைத்து நிற்கும் நிறங்கள்

சிறிய இனம் ஒன்றில் பிறந்து பெரிய வல்லரசொன்றின் தலைநகரில் புகழ்பெறும் கலைஞர்கள், தமது படைப்புகளை இறுதியில் எங்கே விட்டுச் செல்கின்றார்கள் என்பது சாதாரணமான கேள்வியல்ல. ஓர் இனத்தின் நினைவு எங்கே தங்கியிருக்கும் என்பதையே அது தீர்மானிக்கின்றது. இக்கேள்விக்குத் தம் வாழ்வையே பதிலாகத் தந்து சென்றவர் ஆர்மேனியப் பெண் ஓவியரான மரியம் அஸ்லமஸ்யான்.

1907ஆம் ஆண்டு ஒக்டோபரில், அன்று அலெக்ஸாண்ட்ரபோல் எனப்பட்ட நகருக்கு அருகேயுள்ள கிராமமொன்றில் அவர் பிறந்தார். அந்நகரின் வரலாறே துயர் மிகுந்தது. 1915இல் ஒட்டோமன் பேரரசில் ஆர்மேனியர் மீது நிகழ்த்தப்பட்ட இனப்படுகொலையிலிருந்து தப்பியோர் பெருந்தொகையாக அங்கு வந்து சேர்ந்தனர். அநாதைச் சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் அந்நகரின் விடுதிகளில் வளர்ந்தனர். 1918இலும் 1920இலும் நகரம் துருக்கியப் படைகளின் வசமாயிற்று. இவற்றுக்கிடையில்தான் மரியமும், பின்னாளில் ஓவியரான அவரது தங்கை யெரானுஹியும் தமது இளமைப் பருவத்தைக் கழித்தனர்.

யெரெவானில் ஸ்தெபான் அகஜான்யானிடம் பயின்ற மரியம், 1929இல் லெனின்கிராட் சென்று, புகழ்பெற்ற ஓவியரான குஸ்மா பெத்ரோவ் வோத்கினின் மாணவியானார். அவர் அங்கு கற்றுக்கொண்டிருந்த வேளையில், 1932இல், சோவியத் அரசு சுதந்திரமான கலைக் குழுக்கள் அனைத்தையும் கலைத்துவிட்டது. அதன் பின்னர் ‘சோசலிச யதார்த்தவாதம்’ என்ற ஒரே பாதையே அங்கீகாரம் பெற்றது. தொழிலாளர், கூட்டுப்பண்ணை, தலைவர்கள் என்று கருப்பொருள்கள் வரையறுக்கப்பட்டன. வடிவத்திலும் நிறத்திலும் சோதனை செய்தவர்கள் ‘வடிவவாதிகள்’ என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகினர்.

இத்தகைய சூழலில் ஒரு கலைஞருக்கு எஞ்சிய இடம் சிறியது. மரியம் அச்சிறிய இடத்தை நன்கு பயன்படுத்தினார் என்றே நாம் கருதுகின்றோம். பழங்கள், மலர்கள், மட்கலங்கள், கம்பளங்கள், மரபுடை அணிந்த பெண்கள் ஆகியனவற்றை அவர் அடர்ந்த சிவப்பிலும் மஞ்சளிலும் நீலத்திலும் தீட்டினார். ஆர்மேனிய நவீன ஓவியத்தின் முன்னோடியான மர்திரோஸ் சர்யானின் வழிவந்த நிறங்கள் அவை. மேசை மீதிருக்கும் மாதுளம்பழத்தில் அரசியல் இல்லையென்று அதிகாரிகள் எண்ணியிருக்கலாம். ஆனால், தன் மண்ணின் பொருளைத் தன் மண்ணின் நிறத்தில் தீட்டுவதும் ஓர் அடையாளப் பிரகடனமே.

எண்ணெய் வர்ண ஓவியத்தோடு வரைகலையிலும் மட்பாண்டக் கலையிலும் சகோதரியர் ஈடுபட்டனர். சோவியத் குடிமக்களுள் பெரும்பாலோருக்கு எல்லை கடப்பது அரிதாயிருந்த காலத்தில், மரியம் இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் பயணித்து, அந்நாட்டுப் பெண்களைத் தமது ஓவியங்களில் பதிவு செய்தார். 1965இல் ஆர்மேனியக் குடியரசின் ‘மக்கள் கலைஞர்’ பட்டமும், 1990இல் சோவியத் ஒன்றியத்தின் அதே பட்டமும் அவருக்குக் கிடைத்தன. இரண்டாவது பட்டம் கிடைத்த மறு ஆண்டே அதனை வழங்கிய அரசு இல்லாதொழிந்தது என்பது வரலாற்றின் விநோதம்.

எனினும், பட்டங்களை விடப் பெரியதொரு செயலை அவர் 1987இல் செய்து முடித்திருந்தார். மொஸ்கோவில் வாழ்ந்த அவரும் தங்கையும் தமது படைப்புகள் பலவற்றைத் தமது பிறப்பிடத்து நகருக்கே வழங்கினர். அப்போது லெனினாகான் எனப்பட்ட அந்நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய கல்வீடொன்றில் அவர்களது பெயரில் ஓவியக்கூடம் திறக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே, 1988 டிசெம்பர் 7ஆம் திகதி, பூமி அதிர்ந்தது. குறைந்தது 25,000 பேர் மாண்டனர். ஐந்து இலட்சம் பேர் வீடிழந்தனர். தரமற்ற கட்டுமானம் காரணமாக சோவியத் காலத்து மாடிக் கட்டடங்கள் பல சீட்டுக்கட்டுப் போல் சரிந்தன. ஆனால், ஓவியக்கூடமாக மாறியிருந்த அந்தப் பழைய வீடு தப்பி நின்றது. வீடற்றோர் பல ஆண்டுகள் தற்காலிகக் கூடாரங்களிலும் கொள்கலன்களிலும் வாழ்ந்த அந்நகரில், அதன் சுவர்களில் மட்டும் அந்த நிறங்கள் மங்காதிருந்தன.

பட்டினி கிடக்கும் நகருக்கு ஓவியம் எதற்கு என்று வினவுவோர் உண்டு. அவ்வினா நியாயமற்றதல்ல, உணவும் உறைவிடமுமே முதலில் வேண்டும். ஆயினும், அனைத்தையும் இழந்த மக்களுக்குத் தாம் யார் என்பதை நினைவூட்டும் ஓரிடமும் வேண்டியிருக்கின்றது. அதனை இடிபாடுகளுக்குப் பின்னர் புதிதாக உருவாக்கிவிட முடியாது. முன்னரே பேணி வைத்திருக்க வேண்டும்.

யெரானுஹி 1998இலும், மரியம் 2006இல் மொஸ்கோவிலும் காலமாகினர். மரியமின் உடல் ஆர்மேனிய மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அலெக்ஸாண்ட்ரபோல், லெனினாகான் என்று ஆட்சிக்கொரு பெயர் சூடிய நகரம் இன்று கியூம்ரி என வழங்குகின்றது. பேரரசுகள் இரண்டு மறைந்துவிட்டன. கிராமத்துப் பெண்கள் இருவர் தமது ஊருக்குத் திருப்பியளித்த கொடை மட்டும் நிலைத்திருக்கின்றது. தன் கலைஞர் உயிரோடிருக்கையிலேயே அவர்தம் படைப்புகளுக்கு ஒரு கூரை அமைத்துக்கொடுக்கும் சமூகமே தன் நினைவைக் காத்துக்கொள்கின்றது என்பதே இச்சகோதரியரின் வாழ்விலிருந்து நாம் பெறவேண்டிய பாடமாகும்.