உதுவன்கந்தைச் சரதியேல்

ஆஸ்திரேலியக் குடியேற்ற நாடுகளிலே காட்டில் மறைந்துறைந்து வழிப்பறி செய்தோரைப் 'புஷ்ரேஞ்சர்' என வழங்கினர். அவருட் பென் ஹால் என்பான் 1865 மே மாதத்திற் பொலிசாராற் சுட்டுக் கொல்லப்பட்டான். நெட் கெல்லி 1880 நவம்பர் 11ஆந் திகதி மெல்பேண் சிறையிலே தூக்கிலிடப்பட்டான். அத்தகைய வாழ்வும் அத்தகைய முடிவும் உடையானொருவன் நம் ஈழநாட்டிலும் இருந்தான். 1832இற் பிறந்த சரதியேல் என்பவனே அவன்.

மாவனல்லைக்கு அண்மையில், கொழும்பு–கண்டி வீதியை நோக்கி நிற்கும் பாறைமலை உதுவன்கந்தை. புகையிரதம் கண்டியை எட்டியது 1867இலேதான். அதற்குமுன் மலைநாட்டுக் கோப்பியெல்லாம் மாட்டு வண்டிகளில் இவ்வீதி வழியே இறங்கிற்று. அரிசியும் துணியும் பணமும் இவ்வழியே ஏறின. (நம் மன்னார்க் கரையில் வந்திறங்கிக் காட்டுவழியே கால்நடையாய்ச் சென்ற தமிழ்த் தொழிலாளர் வளர்த்த கோப்பியே அது.) மலைமேலிருப்பவனுக்கு வண்டிவரிசை தொலைவிலேயே தெரியும், குண்டெட்டாத குகைகளும் உண்டு. கள்வனுக்கு வேறென்ன வேண்டும்?

எனினும் வெறுங் கள்வனை மக்கள் பாடிப் போற்றுவதில்லை. 1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை காட்டவியலாத நிலங்களை முடிக்குரியனவாக்கிற்று. அவை கோப்பித் தோட்டங்களாயின. 1848இல் விதிக்கப்பட்ட புது வரிகள் கிளர்ச்சியை மூட்டின. அதன் தலைவருள் ஒருவனாகிய புரன் அப்பு அவ்வாண்டே கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்நினைவு ஆறாத ஊர்களிலே, செல்வரைப் பறித்து வறியோர்க்கு ஈந்தான் என்னும் புகழ் சரதியேலைச் சேர்ந்தது வியப்பன்று. ஈந்ததில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மக்களின் விருப்பம் என்று பிரித்தல் அரிது. கொலையும் கொள்ளையுமோ ஐயத்துக்கிடமானவையல்ல.

1864 மார்ச் 21ஆந் திகதி மாவனல்லையில் அவன் தங்கியிருந்த வீட்டைப் பொலிசார் சூழ்ந்தனர். உடனிருந்தவன் மம்மலே மரிக்கார் என்னும் முஸ்லிம் நண்பன். இரு பக்கமும் துப்பாக்கிகள் முழங்கின. சபான் என்னும் மலாய்ப் பொலிஸ்காரர் குண்டுபட்டு இறந்தார். நண்பர் இருவரும் பிடிபட்டுக் கண்டியில் விசாரிக்கப்பட்டு, மே 7ஆந் திகதி தூக்கிலிடப்பட்டனர். பிடிபட்ட நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடையே நாற்பத்தேழு நாட்களே.

மறு ஆண்டே, 1865இன் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் பிறந்தது. உதுவன்கந்தை அருகே சரதியேலின் பெயராற் காட்சிக் கிராமமொன்று இன்று உண்டு. அவன் கதையை அறியாத சிங்களச் சிறுவரும் அரியர். கெல்லியின் இரும்புக் கவசத்தை உலகறியும். அவன் கூட்டத்தினரால் 1878இற் கொல்லப்பட்ட கென்னடி, லோனிகன், ஸ்கான்லன் என்னும் பொலிஸ்காரரை அறிவார் சிலரே. சபானுக்கு அக்குறை முழுதும் நேரவில்லை. கடமையின்போது உயிரிழந்த முதல் இலங்கைப் பொலிஸ் வீரராக அவர் மதிக்கப்படுகிறார். ஆண்டுதோறும் மார்ச் 21ஆந் திகதியே பொலிஸ் வீரர் நாளாக நினைவுகூரப்படுகிறது.