வலைக்காவலர்கள் – 7: ஜெயிக்காத ராத்திரிகளின் நாயகன்

ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர்கள் முகமூடி மாட்டும் வழக்கத்தை ஜாக் பிளாண்ட் எப்படி நிலைநாட்டினார் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதே பிளாண்ட், 1972 செப்டம்பர் 2ஆம் தேதி மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். கனடாவும் சோவியத்தும் மோதிய தொடரின் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு சோவியத் அணியின் அறைக்குள் போனார். அங்கே உட்கார்ந்திருந்த 20 வயது கோல்கீப்பரிடம், தன் நாட்டுக்காரர்களான ஃபில் எஸ்போசிட்டோவும் ஃபிராங்க் மஹோவ்லிச்சும் எப்படி அடிப்பார்கள், எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பையன்தான் விளாடிஸ்லாவ் ட்ரெட்யாக். அவரைப் பார்த்துப் பிளாண்ட் பரிதாபப்பட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. முன்னோட்டம் பார்க்க மாஸ்கோ போன கனடாக்காரர்கள் அவர் ஒரே ஆட்டத்தில் எட்டு கோல் விட்டதைப் பார்த்துவிட்டு, ‘இவன் ஒன்றுமில்லை’ என்று முடிவு கட்டித் திரும்பியிருந்தார்கள். பையனுக்குக் கல்யாணம் நெருங்கியிருந்த சமயம் அது என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ஃபோரமில் ஆட்டம் தொடங்கி 30 விநாடியில் எஸ்போசிட்டோ கோல் போட்டார். ஏழு நிமிடம் ஆவதற்குள் இன்னொன்று. அரங்கம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு 53 நிமிடத்துக்கு மேல் ஆட்டம் நடந்தும் கனடாவால் ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது. முடிவு 7–3, சோவியத் வெற்றி. எட்டு ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டம் மாஸ்கோவில். 34 விநாடி மிச்சமிருக்கும்போது பால் ஹெண்டர்சன் அடித்த கோலில் கனடா தொடரைத் தட்டிச் சென்றது. எட்டு ஆட்டத்திலும் ட்ரெட்யாக்தான் நின்றார். தொடரைத் தோற்றார், ஆனால் கனடாவில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார்.

அவர் வாழ்க்கையின் விசித்திரமே இதுதான். ஒலிம்பிக் தங்கம் மூன்று: 1972, 1976, 1984. உலக சாம்பியன் பட்டம் பத்து. இராணுவ அணியான சி.எஸ்.கே.ஏ.வுக்காக 13 லீக் பட்டங்கள். இவ்வளவு இருந்தும் அவர் பெயரைச் சொன்னதும் உலகம் நினைப்பது அவர் ஜெயிக்காத ராத்திரிகளைத்தான். காரணம் எளிது. அவருடைய அணி அத்தனை பலமானது. பெரும்பாலான ஆட்டங்களில் ‘பக்’ எனும் ரப்பர் வில்லை எதிராளியின் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும். காவல்காரன் கெட்டிக்காரனா என்பது திருடன் வந்தால்தானே தெரியும்?

திருடர்கள் கூட்டமாக வந்த ராத்திரி, 1975 டிசம்பர் 31. மறுபடியும் ஃபோரம். மான்ட்ரியல் கனடியன்ஸ் அணி கோலை நோக்கி 38 முறை அடித்தது; சி.எஸ்.கே.ஏ. அடித்தது 13 முறைதான். 6 அடி அகலம், 4 அடி உயர வலைக்கு முன்னால் நின்று, 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வில்லையை 35 முறை தடுத்தார் ட்ரெட்யாக். ஆட்டம் 3–3 என்று சமனில் முடிந்தது. ஐஸ் ஹாக்கியின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

இந்தக் கை வேகம் எங்கிருந்து வந்தது? சிறுவனாகச் சி.எஸ்.கே.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது எல்லாருக்கும் சீருடை இல்லை. கோல்கீப்பர் ஆனால் சீருடை கிடைக்கும் என்றுதான் வலைக்கு முன்னால் போய் நின்றார். பிறகு அனடோலி தராசோவ் என்ற கறாரான பயிற்சியாளரின் கையில் சிக்கினார். போகுமிடமெல்லாம் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு தட்டித் தட்டிப் பிடிக்க வேண்டும் என்பது தராசோவின் உத்தரவு.

மூன்றாவது ராத்திரி கசப்பானது. 1980 பிப்ரவரி 22, லேக் பிளாசிட் ஒலிம்பிக். எதிரே அமெரிக்காவின் கல்லூரிப் பையன்கள். முதல் பகுதி முடியும் தறுவாயில் தூரத்திலிருந்து வந்த சாதாரண அடியைத் தடுத்தார். பக் அவர் மேல் பட்டு முன்னால் தெறித்தது. ஓடிவந்த மார்க் ஜான்சன், ஒரு விநாடி மிச்சமிருக்கும்போது அதை வலைக்குள் தள்ளினார். 2–2. பயிற்சியாளர் விக்டர் டிகோனவ் ட்ரெட்யாக்கை உட்காரவைத்துவிட்டு விளாடிமிர் மிஷ்கினை அனுப்பினார். பெஞ்சிலிருந்தபடியே தன் அணி 4–3 என்று தோற்பதைப் பார்த்தார் ட்ரெட்யாக். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு அதுதான் என்று டிகோனவ் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கசப்பைத் தீர்த்துக்கொள்ள ஒன்றரை ஆண்டு போதுமானதாக இருந்தது. 1981 கனடா கோப்பை இறுதி ஆட்டத்தில், அதே மான்ட்ரியலில், சோவியத் 8–1 என்று கனடாவை நொறுக்கியது. தொடரின் சிறந்த வீரர் ட்ரெட்யாக்.

1983இல் மான்ட்ரியல் கனடியன்ஸ் அவரைத் தேர்வுப் பட்டியலில் 138ஆவது ஆளாக எடுத்துவைத்தது. ஆனால் அவர் சோவியத் இராணுவ அதிகாரி; மேலிடம் விடவில்லை. சொந்த நாட்டிலும் அவர் கேட்டது கிடைக்கவில்லை. வீரர்கள் வருஷத்தில் பெரும்பகுதியைக் குடும்பத்தைப் பிரிந்து பயிற்சி முகாமிலேயே கழிக்க வேண்டும் என்பது டிகோனவின் சட்டம். வீட்டிலிருந்து வந்து பயிற்சி செய்கிறேன் என்று கேட்டார் ட்ரெட்யாக். முடியாது என்று பதில் வந்தது. சரயேவோ ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு ஒரு கோல்கூட விடாமல் மூன்றாவது தங்கம் வாங்கிய அதே 1984இல், 32 வயதில், விலகிவிட்டார். கோல்கீப்பர்கள் நாற்பதை நெருங்கியும் ஆடுகிற விளையாட்டு இது.

வட அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.ஹெச்.எல்.லில் ஒரு நிமிடம்கூட ஆடாத அவரை 1989இல் டொரன்டோவின் ஹாக்கி புகழ் மண்டபம் சேர்த்துக்கொண்டது. சோவியத் வீரர்களில் முதல் ஆள் அவர்தான். அடுத்த ஆண்டு சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியாளராக அழைத்தது. அங்கே அவரிடம் பாடம் கேட்ட எட் பெல்ஃபோர், பிற்பாடு குருவின் 20ஆம் எண்ணையே தன் முதுகில் போட்டுக்கொண்டு என்.ஹெச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை வென்றார். ஆளை அனுப்ப மறுத்த நாட்டால் அவருடைய வித்தையைப் பூட்டிவைக்க முடியவில்லை.

பெல்ஃபோருக்கு மாற்று ஆளாகச் சிகாகோ பெஞ்சில் காத்திருந்தவர் இன்னொருவர். 1998 நகானோ ஒலிம்பிக்கில் கனடாவின் ஐந்து பெனால்டி அடிகளையும் தடுத்த செக் வீரர் டொமினிக் ஹாஷெக்கின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)