பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்குக

சூரியகாந்தியும் சாமந்தியும் அடங்கிய குடும்பத்தில் பார்த்தீனியம் என்பது ஒரு பேரினம். அமெரிக்கக் கண்டமே இதன் தாயகம். மெக்ஸிகோ தேசத்து வறண்ட பூமியில் வளரும் ஒரு வகையிலிருந்து ரப்பர் எடுக்கலாம். நம் தேசத்தில் பரவியதோ வேறொரு வகை. 1955-ஆம் வருஷத்தையொட்டிப் புனே நகரில் இது கண்டறியப்பட்டது. கோதுமை மூட்டைகளுடன் வந்ததெனப் பலரும் சொல்லுவார்கள். எவ்வாறு வந்ததாயினும், இன்று தரிசுகளிலும் பாதையோரங்களிலும் இதைக் காணாத கிராமம் அரிது.

காரட் இலை போன்ற இலையும் சிறு வெண்பூக்களும் உடைய இச்செடி, முளைத்த ஒன்றரை மாதத்திற்குள் பூத்துவிடும். ஒவ்வொரு பூந்தலையிலும் ஐந்தே விதை. ஆயினும் நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கவல்லது. அவை மண்ணில் பல வருஷம் கெடாமலிருக்கும். சோளக் கொல்லையில் புகுந்தால் மகசூல் குறையும். தொட்டவர்களிற் சிலருக்குச் சருமத்தில் அரிப்பும் கரப்பானும் உண்டாகும்; மகரந்தத்தால் இளைப்பும் வரும். மாடுகள் தின்றால் பால் கசக்கும்.

ஆகையால் மழை பெய்து மண் ஈரமாயிருக்கும்போதே, பூக்குமுன், வேருடன் பிடுங்கிவிட வேண்டும். மேலாக அறுத்தால் அடியிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். கைக்கு உறை அவசியம். இளைப்பு நோயுள்ள ஆட்களை இவ்வேலைக்கு அமர்த்தலாகாது. பூக்காத செடியை எருக்குழியிலிடலாம். பூத்ததை இட்டால் எருவுடனே விதையும் வயலுக்குப் போய்ச் சேரும்.

தன் வயலை மட்டும் சுத்தம் செய்து, அடுத்துள்ள புறம்போக்கை விட்டுவிடுவது வீண் செலவு. இங்கேதான் கிராம உத்தியோகஸ்தர்களின் ஒத்தாசை வேண்டியிருக்கிறது. பயிரில்லாத இடங்களில் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையலுப்புக் கரைத்து, சிறிது சோப்புத் திரவம் சேர்த்து, இலை நனையத் தெளிக்கலாம். வயலிலும் வரப்பிலும் இது கூடாது. உப்பு மண்ணைக் கெடுக்கும். மழைக்கு முன் தகரை, கொழுஞ்சி விதைகளைத் தூவினால் அவை முந்தி வளர்ந்து பார்த்தீனியத்தை நெருக்கிவிடும். உப்பைவிட இதுவே மேலென்பது என் அபிப்பிராயம்.

மெக்ஸிகோவிலிருந்து தருவிக்கப்பட்டு 1984-ல் பெங்களூரில் விடப்பட்ட ஒரு வண்டு இதன் இலைகளைத் தின்று அழிக்கிறது. சூரியகாந்திக்கும் கேடு செய்யுமோ என்று ஒரு காலத்தில் எழுந்த அச்சம் ஆராய்ச்சியால் நீங்கிற்று. ஆனால் அவ்வண்டு மழைக்காலத்தில்தான் வேலை செய்யும். வறட்சியில் மண்ணுக்குள் உறங்கிவிடும். ஆதலால் கோடையில் பாசன வாய்க்காலோரம் முளைப்பவற்றை ஆள் வைத்தே பிடுங்கவேண்டும்.