பகாப்பதமும் பகாவெண்ணும்

நன்னூலார் பதங்களைப் பகுபதம், பகாப்பதம் என இருவகைப்படுத்தினார். கணித நூலாரும் எண்களை இவ்வாறே பிரிப்பர். ஆறு என்பது இரண்டும் மூன்றுமாகப் பகுபடும், ஏழு பகுபடாது. ஏழு போல்வனவற்றை வகுப்பறையில் முதன்மை எண் என வழங்குகின்றனர். பகாவெண் என்னும் பெயரே இலக்கணம் பயின்ற என் செவிக்கு இனிது.

ஒரு சொல் பகாப்பதமெனத் தோன்றுவது வேறு. அங்ஙனம் நிறுவப்படுவது வேறு. இவ்வேற்றுமையை உணர்த்துதற்கு 4294967297 என்னும் பேரெண்ணினும் சிறந்த சான்றை யான் அறிந்திலேன்.

பிரான்சு நாட்டின் துலூசு நகரிலே நீதிமன்ற ஆலோசகராய் இருந்த பேர்மா, ஓய்வுப் பொழுதிலே கணிதம் பயின்று பேரறிஞரானவர். 3, 5, 17, 257, 65537 என்னும் ஐந்தெண்களை அவர் ஆராய்ந்தார். ஒவ்வொன்றினின்றும் ஒன்றைக் கழித்து, எஞ்சியதைத் தன்னாற் பெருக்கி, ஒன்றைக் கூட்டின் அடுத்தது பிறக்கும். ஐந்தும் பகாவெண்களே. இவ்வொழுங்கில் வருவன யாவும் அத்தகையனவே எனத் தாம் நம்புவதாக 1640ஆம் ஆண்டிற் கடிதமொன்றில் எழுதினார். செவ்விய நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

ஆறாவதாகப் பிறப்பதே நம் பேரெண். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளின் பின், 1732இல், ருசிய நாட்டுச் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் வாழ்ந்த ஒயிலர் அதனை 641, 6700417 என்னும் இரு காரணிகளாகப் பகுத்துக் காட்டினார்.

கண்ட எண்களாலெல்லாம் வகுத்துப் பார்த்தல் வேண்டுமோ எனின், வேண்டா. இப்பேரெண்ணின் பகாக்காரணி எதுவாயினும், அது 64இன் மடங்கிலும் ஒன்று மிக்கதாதல் வேண்டும் என்பது ஒயிலர் பின்னர் நிறுவிய விதி. அவ்விதிக்கு அமைந்த பகாவெண்கள் முறையே 193, 257, 449, 577, 641 என்பன. முதல் நான்கும் மீதி தரும். ஐந்தாவது மீதியின்றி வகுக்கும்.

இதனாற் பேர்மாவின் புகழ் குன்றிற்றோ? இல்லை. 1796இல், பதினெட்டு வயதினராகிய கௌசு, பதினேழு பக்கங்கொண்ட ஒழுங்கான பல்கோணியை நேர்விளிம்பும் கவராயமுங் கொண்டு வரையலாம் என நிறுவினார். அத்தகைய அமைப்புகளுக்குப் பேர்மாவின் பகாவெண்களே அடிப்படையாயின. ஆயின், அவர் கண்ட ஐந்துக்கு மேல் அவ்வரிசையிற் பிறிதொரு பகாவெண் இன்றுகாறும் கண்டறியப்படவில்லை.

ஐந்து எடுத்துக்காட்டுக் கண்டவுடன் விதி வகுக்கும் வழக்கம் நம் இலக்கண வகுப்புகளிலும் உண்டு. ‘பெரியோர் கூறினர்’ என எழுதும் மாணாக்கனுக்கு முழுப்புள்ளி வழங்கி, ‘எவ்வாறு பெறப்பட்டது?’ என வினவுவானை அடக்கமிலான் எனக் கடிவாரும் உளர். பேர்மாவோ தமக்கு நிறுவல் இல்லையென வெளிப்படக் கூறிப் பின்வந்தார்க்கு வாயில் திறந்து வைத்தார். அதனாலன்றோ ஒயிலர் உட்புகுந்தார்!

தமிழ் கற்கும் மாணாக்கரும் ஒரு தாளெடுத்து இவ்வெண்ணை 641ஆல் தாமே வகுத்துப் பார்ப்பாராக. ஈவு 6700417 வரும், மீதி வாராது. அதன்பின், என் சொல்லையும் அவர்கள் நம்பவேண்டியதில்லை.