எச்.ஐ.வி. கண்டவரின் உடல்நலம்: இயற்கை வைத்தியமும் பல் பாதுகாப்பும்

கம்பம் பள்ளத்தாக்கில் குச்சனூரை அறியாதவர் இலர். சுரபி நதிக்கரையில் சுயம்புவாக எழுந்தருளியுள்ள சனீசுவர பகவானை வழிபட, ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரளாக வருகின்றனர். நீங்காத நோய் கண்டவரும் அவருடைய குடும்பத்தாரும் அக்கூட்டத்தில் உண்டு. எள் தீபம் ஏற்றி, காக்கைக்கு அன்னமிட்டு, மனத்தில் ஆறுதல் பெற்றுத் திரும்புகின்றனர். அந்த ஆறுதலைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. ஆனால் ஆறுதல் பெற்றுத் திரும்பும் ஒருவர், வழியில் யாரோ சொன்ன சொல்லைக் கேட்டு, மருத்துவமனை தந்த மாத்திரையை நிறுத்திவிட்டால் விளைவு யாதாகும்? எச்.ஐ.வி. என்னும் கிருமியோடு வாழ்வோரைப் பொறுத்தவரை இக்கேள்வி உயிரைப் பற்றிய கேள்வியாகும்.

நமது சங்கங்களில் தறியில் அமர்வோரும் உளர். வாழையும் திராட்சையும் நெல்லும் விளைவிப்போரும் உளர். இவர்களுள் எவருக்கேனும், அவர்தம் உறவினருக்கேனும் இக்கிருமி இருக்கலாம். வெளியே சொல்ல அஞ்சி மறைத்து வாழ்வோரும் இருக்கலாம். ஆகையால் இதனைப் பற்றிய தெளிவு அங்கத்தினர் அனைவருக்கும் வேண்டும்.

கிருமி செய்யும் வேலை

1986-ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுநீதி சாலமனும், அவரிடம் பயின்ற டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் இக்கிருமி புகுந்துள்ளது என்பது அப்போதுதான் முதன்முதலாகத் தெரியவந்தது.

நம் இரத்தத்தில் நோய்களை எதிர்த்துப் போராடும் வெள்ளை அணுக்கள் உள்ளன. அவற்றுள் சி.டி.4 எனப்படும் அணுக்களையே இக்கிருமி தேடிப் புகுகிறது. புகுந்து, அவ்வணுக்களைக் கொண்டே தன் இனத்தைப் பெருக்கிக்கொண்டு, பின்னர் அவற்றை அழிக்கிறது. காவற்காரர் ஒவ்வொருவராக வீழ, தோட்டத்துக்குள் எல்லா விலங்குகளும் நுழைவதுபோலப் பிற நோய்கள் உடலில் நுழைகின்றன. அவ்வாறு எதிர்ப்புச் சக்தி குன்றி முற்றிய நிலையே எய்ட்ஸ் எனப்படும்.

இக்கிருமியை உடலிலிருந்து அடியோடு நீக்கும் மருந்து பொதுப் பயன்பாட்டுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அது பெருகாமல் தடுக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றை ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து என்பர். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்னும் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையை நாளுக்கு ஒரு வேளை உட்கொள்வது இப்போது நம் நாட்டில் பெரும்பாலோர்க்கு வழங்கப்படும் முறையாகும்.

இம்மாத்திரையை ஏன் இடைவிடாது உட்கொள்ள வேண்டும் என்பதை விவசாயிக்கு விளக்கிக் கூறத் தேவையில்லை. பூச்சி மருந்தை அரைகுறை அளவில், விட்டு விட்டுத் தெளித்தால் என்ன நேரும்? வலுவற்ற பூச்சி மடியும். வலுவுள்ள பூச்சி பிழைத்து, அம்மருந்துக்கே மசியாத சந்ததியைப் பெருக்கும். கிருமியும் அவ்வாறே. பலமுறை விட்டு விட்டு உட்கொள்பவரின் உடலில் மருந்துக்கு அடங்காத கிருமி தோன்றலாம். அதன்பின் அதே மாத்திரை பயன் தராது.

தாம்பரம் காட்டிய பாடம்

இயற்கை வைத்தியத்தை நாடுவோரை அறியாதவர் என்று தள்ளிவிடுதல் முறையன்று. மேற்கூறிய மருந்துகள் எட்டாத விலையில் இருந்த காலம் ஒன்று இருந்தது. ஓர் ஆண்டு சிகிச்சைக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. அக்காலத்தில், 1928-இல் தொடங்கப்பெற்ற தாம்பரம் சானடோரியத்தில் டாக்டர் சி. நா. தெய்வநாயகம் அவர்கள் சித்த மருந்துகளைக் கொண்டு எச்.ஐ.வி. கண்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். ரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் லேகியம் ஆகிய மூன்றும் அச்சிகிச்சையில் இடம்பெற்றன. கைவிடப்பட்டவர்களுக்குப் படுக்கையும் உணவும் பரிவும் கிடைத்த இடம் அது. நோயாளிகள் உடல் தேறினர் என்று 2001-இல் அவர் குழுவினர் மருத்துவ இதழொன்றில் எழுதினர். எனினும் வேறு சிகிச்சையோடு ஒப்பிட்டு நிறுவப்பெற்ற முடிவு அன்று அது. கிருமியை நெடுங்காலம் அடக்கிவைக்கும் என்பதும் நிலைநாட்டப்படவில்லை.

அதே 2001-ஆம் ஆண்டில் இந்திய நிறுவனமாகிய சிப்லா, மூன்று மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. பின்னர் 2004 ஏப்ரல் முதல் நாளன்று மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. திட்டத்தைத் தொடங்கியபோது, முதன்முதல் அமைந்த எட்டு மையங்களுள் தாம்பரமும் ஒன்றாயிற்று. சித்த மருந்து வழங்கிய அதே வளாகத்தில் இம்மாத்திரையும் வழங்கப்பட்டது. 2017 முதல், நோய் முற்றட்டும் என்று காத்திராமல், கிருமி உண்டு என்று தெரிந்த அனைவர்க்கும் உடனே சிகிச்சை தொடங்கப்படுகிறது. நம் மாவட்டத்தில் க.விலக்கிலுள்ள அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கான மையம் உண்டு. ஏழைக்கு எட்டாத மருந்து எட்டும்படி ஆகிவிட்டபின், அதை விட்டு வேறொன்றை நம்புதல் தகாது.

அயல்நாட்டில் நிகழ்ந்ததொன்றையும் நினைவிற்கொள்க. தென்னாப்பிரிக்காவில் சுகாதார அமைச்சராக இருந்த மான்டோ ஷபலாலா-சிமாங் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் முதலியவற்றைப் பெரிதும் புகழ்ந்து பேசினார், அவ்வரசு ஏ.ஆர்.டி. மருந்தை வழங்குவதில் காலந்தாழ்த்தியது. அத்தாமதத்தால் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன என்று ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் 2008-இல் கணக்கிட்டனர். பூண்டும் எலுமிச்சையும் நல்ல உணவுகளே. குற்றம் அவற்றினுடையதன்று, மருந்தின் இடத்தில் அவற்றை வைத்ததே குற்றம்.

சேர்த்து உண்ணும்போது கவனிக்க வேண்டியவை

மாத்திரையோடு இயற்கை முறைகளைக் கைக்கொள்ளலாமா? கேழ்வரகு, கம்பு, பயறு, முருங்கைக்கீரை, நெல்லிக்கனி, முட்டை, பால் ஆகியவற்றை உணவாக உண்பதில் தடையில்லை. உடலுக்கு உரமும் உண்டு. நடத்தலும் மூச்சுப்பயிற்சியும் நல்ல உறக்கமும் நன்மையே தரும். ஆனால் மருந்தென்று உட்கொள்ளும் எதனையும் மையத்து மருத்துவரிடம் மறைக்கலாகாது. அதற்குக் காரணங்கள் உண்டு.

டோலுடெகிராவிர் மருந்து சுண்ணாம்புச் சத்து, இரும்பு, மக்னீசியம், துத்தநாகம் ஆகியவற்றோடு வயிற்றில் பிணைந்துகொண்டால் உடலிற் சேருவது குறையும். ஆகையால் சத்து மாத்திரைகளுக்கும் வயிற்றெரிச்சல் மருந்துகளுக்கும் 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ இதனை உட்கொள்ளும்படி கூறப்படுகிறது. சங்கு பற்பத்திலும் முத்துச்சிப்பி பற்பத்திலும் இருப்பது சுண்ணாம்புச் சத்து. அயச் செந்தூரத்தில் இருப்பது இரும்பு. இவற்றை உண்போர் மருத்துவரிடம் கூறி, இடைவெளி அறிந்துகொள்ள வேண்டும்.

ரசம் சேர்ந்த மருந்துகளைப் பற்றி மேலும் ஜாக்கிரதை வேண்டும். பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. டெனோஃபோவிரும் சிலரிடம் சிறுநீரகத்தைப் பாதிப்பதுண்டு. அதனாலேயே அவ்வப்போது இரத்தம் சோதிக்கப்படுகிறது. இரண்டு சுமைகளை ஒரே மாட்டின் மேல் ஏற்றுதல் அறிவுடைமையாகாது.

பூண்டைக் குழம்பில் இடுதல் வேறு. அதன் சாரத்தைச் செறிவாக்கி மாத்திரையாக விழுங்குதல் வேறு. அத்தகைய பூண்டு மாத்திரை, சாக்வினாவிர் என்னும் பழைய எச்.ஐ.வி. மருந்தின் அளவை இரத்தத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்ததென்று 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. இயற்கையிற் கிடைத்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது என்று முடிவுசெய்யலாகாது.

வாய் முன்னரே அறிவிக்கும்

வயலின் குறையை இலையின் நிறம் காட்டும். அவ்வாறே உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றுவதை வாய் முன்னரே அறிவிக்கும். சென்னை ராகாஸ் பல் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் கே. ரங்கநாதனும் அவர் குழுவினரும், சுநீதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தாருடன் சேர்ந்து, எச்.ஐ.வி. கண்ட 300 தென்னிந்தியரின் வாயைப் பரிசோதித்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஈறு வீக்கமும், பூஞ்சையால் உண்டாகும் வெண்படலமும் அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டன.

நாவிலும் உள்கன்னத்திலும் தயிர்த் திவலைபோல் படியும் இவ்வெண்படலத்தைத் துடைத்தால் அடியில் சிவந்திருக்கும். உணவு எரியும், சுவை கெடும். நாவின் ஓரத்தில் துடைத்தாலும் போகாத வெள்ளைக் கோடுகள் தோன்றுவதுண்டு. ஈறு கறுத்து அழுகி, நாற்றமும் இரத்தமும் வருவதுமுண்டு. உமிழ்நீர் வற்றுதலும் ஏற்படலாம். உமிழ்நீரே பல்லைக் கழுவும் வாய்க்கால், அது வற்றினால் சொத்தை விரைந்து பரவும். வாய் நொந்தவர் உணவைக் குறைப்பார். உணவு குறைய உடல் மெலியும். சிகிச்சையில் உள்ளவருக்கு வெண்படலம் மீண்டும் தோன்றுமாயின், மருந்து சரிவர வேலை செய்கின்றதா என்று மையத்தில் உடனே சோதிக்க வேண்டும்.

நாடோறும் செய்யத்தக்கவை வருமாறு:

1. மிருதுவான தூரிகையால், ஃபுளோரைடு கலந்த பற்பசை கொண்டு காலையும் இரவும் பல் துலக்குக. ஆலங்குச்சி, வேப்பங்குச்சி பழகியோர் நுனியை நன்கு மென்று மிருதுவாக்கி, ஈறு கிழியாமல் துலக்குக. செங்கல் தூளும் கரித்தூளும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும், அவற்றை விலக்குக.

2. உணவுக்குப் பின் வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளிக்க.

3. நல்லெண்ணெய் கொப்பளித்தல் வாயிலுள்ள சொத்தைக் கிருமிகளைக் குறைப்பதாகச் சென்னையில் நடந்த சிறு ஆய்வுகள் கூறுகின்றன. விரும்புவோர் செய்யலாம், விழுங்காமல் துப்பிவிட வேண்டும். அது பல் துலக்குதலுக்கு ஈடாகாது, எச்.ஐ.வி. கிருமியை அது ஒன்றும் செய்யாது.

4. புகையிலையையும் பாக்கையும் கைவிடுக. சின்னமனூர்க் கொடிக்கால் வெற்றிலைக்குப் பெயர்பெற்ற நம் பகுதியில் இதனைச் சொல்வது கசப்பாக இருக்கலாம். எனினும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக நிறுவனத்தார் 2004-இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்துள்ளனர்.

5. வலி இல்லாவிடினும் 6 மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுக. வெண்படலத்துக்குப் பூஞ்சைக்கொல்லி மருந்து உண்டு. கஷாயம் கொப்பளித்துக் காலம் கடத்த வேண்டா.

மறைக்காமலும் மறுக்காமலும்

பல் பிடுங்கச் செல்லும்போது தம் நிலையை மருத்துவரிடம் கூறுதல் நன்று. உட்கொள்ளும் மருந்துகளையும் எதிர்ப்புச் சக்தியின் அளவையும் அறிந்தால் அவர் தக்கபடி சிகிச்சை செய்வார். கருவிகளை நீராவி அழுத்தக் கலத்தில் இட்டுத் தூய்மை செய்வதும், கையுறை அணிவதும் எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான விதி. எச்.ஐ.வி. கண்டவர் என்பதற்காகத் தனி விதி கிடையாது. சிகிச்சை மறுக்கவும் இடமில்லை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. மருத்துவத்திலும் வேலையிலும் கல்வியிலும் இந்நோய் காரணமாக வேற்றுமை காட்டுவதை அது தடுக்கிறது. ஒருவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும் தடுக்கிறது. ஐயமுள்ளோர் 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

உமிழ்நீராலோ, ஒரே பந்தியில் உண்பதாலோ, ஒரே தறிக்கூடத்தில் நெய்வதாலோ, ஒரே ஆற்றில் நீராடுவதாலோ இக்கிருமி தொற்றுவதில்லை. இரத்தம் பட வாய்ப்புள்ள பல் தூரிகையையும் சவரக் கத்தியையும் மட்டும் தனித்தனியே வைத்துக்கொள்வது நன்று. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளைக் கொண்டு நடந்த ஆய்வில் சென்னையும் ஓர் இடமாக இருந்தது. உடனே சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து வாழ்க்கைத் துணைக்குக் கிருமி பரவுவது 96 விழுக்காடு குறைந்ததென்று 2011-இல் அது காட்டியது. இரத்தத்தில் கிருமி அளவிட இயலாதபடி அடங்கியிருப்பவரிடமிருந்து உடலுறவின் வழி அது பரவுவதில்லை என்பது பின்வந்த ஆய்வுகளின் முடிவு. மாத்திரை உண்பவரையும் அவர்தம் குடும்பத்தையும் ஒருங்கே காப்பது அவ்வொழுங்கே.

கூட்டுறவு என்பது கடனும் கொள்முதலும் மட்டுமன்று. அங்கத்தினர் ஒருவர் மருந்து வாங்கவும் பல் காட்டவும் செல்லும் நாளில் காரணம் துருவிக் கேளாமல் விடுப்பு அளிப்பதும், அவர் நெய்த சேலையையும் விளைவித்த காயையும் தயங்காமல் வாங்குவதும், காதில் விழுந்த இரகசியத்தைக் காப்பதும் கூட்டுறவே. ஆயிரம் இழையுள்ள பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் பாவைத் தூக்கி எறிவதில்லை. முடிச்சிட்டு நெய்து முடிக்கிறார். நம்மிடையே இந்நோயோடு வாழ்வோரையும் அவ்வாறே நம்மோடு இணைத்துக்கொள்வோமாக.