பாரிசவாதமும் செயல்நினைவும்

பாரிசவாதம் வந்தவரைப் பார்த்துவிட்டு வந்து, 'ஆளுக்கு மறதி வந்திட்டு' என்று சொல்லிவிடுகிறோம். பழைய நினைவு பெரும்பாலும் அப்படியே கிடக்கும். தளர்வது வேறொன்று: கேட்டதைச் சில விநாடிகள் மனதில் ஏந்திவைத்து, அதைக்கொண்டு வேலை செய்யும் செயல்நினைவு.

1974இல் பெட்லி, ஹிச் என்ற இரு உளவியலாளர்கள் இதைப் பகுத்துக் காட்டினர். சொற்களை உள்ளே உருட்டிக்கொண்டிருப்பது ஒரு பகுதி. இடத்தையும் வடிவத்தையும் வைத்திருப்பது இன்னொன்று. இரண்டையும் மேற்பார்ப்பது மூன்றாவது. பெரும்பாலானோருக்கு முதலாவது மூளையின் இடப்பாதியையும், இரண்டாவது கூடுதலாக வலப்பாதியையும் சார்ந்தது. வலது கைகால் விழுந்தவருக்கு அடிபட்டது இடப்பாதி. சொன்ன இலக்கங்கள் நழுவக்கூடும். இடக்கை விழுந்தவர் நன்றாகப் பேசுவார். ஆனால் நாம் தொட்டுக்காட்டிய நாலைந்து மரக்கட்டைகளை அதே ஒழுங்கில் தொடச் சொன்னால் தடுமாறலாம். கோடு கிழித்தாற்போல் பிரிவதுமில்லை. மேற்பார்வைக்கு இருபாதியும் வேண்டும்.

என் மாமாவுக்கு வலப்பக்கம். 1978 சூறாவளியில் சாய்ந்த தென்னைகளை இன்றும் எண்ணிச் சொல்வார். 'குளிசையப் போட்டிட்டு, கதவச் சாத்திட்டு, வந்து படுங்க மாமா' என்றால் படுக்கத்தான் போவார். மற்ற இரண்டும் நின்றுவிடும். 'வேணுமெண்டே செய்றார்' என்று மாமிக்குக் கோபம் வரும். இப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். குளிசை முடிந்த பிறகே கதவு.